எந்த வாதம்?

தமிழில் 'வாதம்' என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தங்கள் உண்டு. கோர்ட்டில் வக்கீல் செய்வது ஒரு வாதம். முழங்காலில் வந்து குடியேறுவது இன்னொரு வாதம். முதலாவதற்குப் பிரதிவாதம் உண்டு, சாட்சி உண்டு, வாய்தா உண்டு. இரண்டாவதற்கு நம் வீடுகளில் இவை எதுவுமே கிடையாது. மூட்டில் வீக்கம் கண்டு, வயதில் மூத்த ஒருவர், "இது வாதம்தான்" என்று சொல்லிவிட்டால் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. வயதாகிவிட்டது, வாயு பிடித்துக்கொண்டது, உருளைக்கிழங்கு ஜாஸ்தி, மழைக்காலம் என்று ஏதாவது ஒரு குற்றவாளியைக் கை காட்டிவிட்டு, தைலத்தைத் தேய்த்துக்கொண்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

நம் முன்னோர்கள் இவ்வளவு அவசரக்காரர்களாக இருக்கவில்லை. சித்த வைத்திய நூல்கள் வாத நோய்களை எண்பது என்று எண்ணி, ஒவ்வொன்றுக்கும் பெயரும் குறிகுணமும் சொல்லி வைத்திருக்கின்றன. இன்றைய டாக்டர்களின் கணக்கிலோ மூட்டு நோய்கள் மட்டுமே நூற்றுக்கும் மேல். எண்பதாகப் பிரித்த பரம்பரைக்கும் நூறாகப் பிரிக்கிற விஞ்ஞானத்துக்கும் நடுவே நின்றுகொண்டு, எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பரணில் போட்டவர்கள் நாம்தான்.

என் கைக்கு வந்தது எந்த வாதம் என்று கண்டுபிடிக்க ஏறக்குறைய மூன்று மாதம் ஆயிற்று. அந்தக் கதையை எழுதலாம் என்று தோன்றுகிறது. நாலு பேர் நடுவில் நோயைப் பற்றிப் பேசுவது அழகல்ல என்று நினைக்கும் வாசகர்கள் இந்த ஒரு தடவை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

புரட்டாசி மாதத்தில் ஒரு நாள் காலை, காப்பி பில்டரின் மேல் பாத்திரத்தைக் கழற்ற முடியவில்லை. 'இறுகிப் போயிருக்கிறது' என்று நினைத்தேன். இறுகியிருந்தது பில்டர் அல்ல, விரல்கள். ஐப்பசியில் பேனா கனத்தது. நான் இன்னும் கையால் எழுதுகிறவள். வாரப் பத்திரிகைத் தொடர் ஒன்று பாதியில் நின்றுகொண்டிருந்தது. காலை ஐந்து மணிக்கு எழுதிப் பழகிய கை, பத்து மணிக்கு முன்னால் பேனாவைப் பிடிக்க மறுத்தது. மார்கழியில் கோலப் பொடியைப் பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து இழைய விட்டபோது, இழை அறுந்து அறுந்து விழுந்தது. வாசலில் போன பால்காரர் அதைப் புதுவிதக் கோலம் என்று எண்ணிக்கொண்டாரோ என்னவோ!

வலி என்று ஒன்று வந்துவிட்டால் வைத்தியர்களுக்குப் பஞ்சமில்லை. "எல்லாம் எழுதி எழுதி வந்த வினை. ஒரு மாசம் எழுதாமே இருங்களேன்" என்றார் எதிர் வீட்டு அம்மாள். அவர் என் கதைகளைப் படிக்கிறவர் என்பதால் எனக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. "தலைக்குக் குளிச்சுட்டு ஈரத்தோட சமையல்கட்டிலே நிக்கிறே. வாயு பிடிக்காமே என்ன செய்யும்?" என்றார் என் மாமியார். கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த கொழுந்தனார் மட்டும் சிரித்தார். "அண்ணி, ஊகத்திலே வைத்தியம் பண்ற காலமா இது? வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துட்டுப் போவாங்க. எழுபது பரிசோதனை, ஒரே கட்டணம்."

எழுபது பரிசோதனையின் முடிவும் மறுநாள் என் டெலிபோனுக்கு வந்து சேர்ந்தது. அத்தனையிலும் ஒன்றே ஒன்று மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது: யூரிக் அமிலம் 6.3. பெண்களுக்கு 6தான் எல்லை என்று பக்கத்தில் அச்சிட்டிருந்தார்கள். அந்தப் புள்ளி மூன்றை வைத்துக்கொண்டு என் குடும்பம் 'கவுட்' என்று தீர்மானித்துவிட்டது. துவரம்பருப்பு விலக்கப்பட்டது. காளான் விலக்கப்பட்டது. கீரை விலக்கப்பட்டது. சாம்பார் இல்லாத மூன்று வாரங்கள் எங்கள் வீட்டில் நடந்தன. விரல்கள் ஒன்றும் இளகவில்லை. என் கணவரின் முகம்தான் வாடியது.

இதற்கிடையில் உறவினர் ஒருவர் ஒரு பொட்டலம் கொண்டு வந்து கொடுத்தார். மூன்றே வேளையில் வலி பறந்துவிடும் என்றார். அதை எடுத்துக்கொண்டு எங்கள் தெருமுனை டாக்டரிடம் போனேன். முப்பது வருஷமாக அதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் அவர். பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதிலே என்ன இருக்குன்னு எங்கேயாவது எழுதியிருக்காம்மா?"

"இல்லை, டாக்டர்."

"அப்போ என் கண்ணிலே பட்டதோடு இருக்கட்டும். உங்க வாயிலே பட வேண்டாம்."

பெயரில்லாத இப்படிப்பட்ட பொடிகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதுண்டு என்றார். 1948ஆம் வருஷம் அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் என்ற டாக்டர், முடங்கிக் கிடந்த ஒரு பெண்ணுக்கு கார்ட்டிஸோன் ஊசி போட, அவள் சில நாட்களில் எழுந்து நடந்தாள். உலகமே மூக்கில் விரலை வைத்தது. 1950இல் ஹென்ச்சுக்கும் அவருடைய கூட்டாளிகளுக்கும் நோபல் பரிசு வந்தது. அந்த அதிசய மருந்துக்கு, கணக்கில்லாமல் சாப்பிட்டால் எலும்பைக் கரைத்து, முகத்தை ஊதவைத்து, சர்க்கரையை ஏற்றிவிடுகிற இன்னொரு முகமும் உண்டு என்பது பின்னால்தான் தெரிந்தது. "அதோடு, அது வீக்கத்தை அமுக்கிடும். நாளைக்கு ஒரு டாக்டர் பார்த்தால் தடயமே இருக்காது" என்றார். பிறகு என் இரண்டு கைகளையும் மேஜைமேல் வைக்கச் சொல்லிப் பார்த்தார். "இது நான் மாத்திரை கொடுத்து அனுப்புகிற வாதம் இல்லை. இதற்கென்றே படித்தவர்கள் இருக்கிறார்கள்" என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்.

அப்படித்தான் ஒரு ருமட்டாலஜிஸ்டின் அறைக்குப் போய்ச் சேர்ந்தேன். என்னைவிடப் பத்து வயதாவது இளையவராக இருந்த அந்தப் பெண் டாக்டர், நான் நீட்டிய எழுபது பரிசோதனைக் காகிதங்களை வாங்கி, பார்க்காமலேயே ஒரு பக்கமாக வைத்தார். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

"இது அப்புறம். முதல்லே கதையைச் சொல்லுங்க" என்றார்.

இருபது வருஷமாகக் கதை சொல்லிப் பிழைப்பவளிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. ஆனால் அவர் கேட்ட கதை என் இஷ்டப்படி சொல்லக்கூடியதாக இல்லை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவே ஒரு கேள்வி வந்து விழுந்தது. ஒரே ராத்திரியில் வந்ததா, கொஞ்சம் கொஞ்சமாகவா? ஒரு மூட்டா, பல மூட்டா? ஒரு பக்கமா, இரண்டு பக்கமுமா? காய்ச்சல் வந்து அதற்குப் பிறகு வந்ததா? வெயிலில் போனால் முகம் சிவக்கிறதா? வாயில் புண்? கண்ணில் உறுத்தல்? விடியற்காலையில் முதுகு வலித்து எழுந்து உட்காருகிறீர்களா? தலையில் பொடுகு என்று நினைத்து ஏதாவது செதிலுக்கு வைத்தியம் செய்துகொண்டதுண்டா?

தலைப்பொடுகுக்கும் விரல் மூட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு அப்போது புரியவில்லை. சோரியாஸிஸ் என்ற தோல் நோய், தலையிலோ காதுக்குப் பின்னாலோ ஒரு மூலையில் ஒளிந்துகொண்டு, மூட்டில் போய்க் கலகம் செய்வதுண்டாம். அதற்காகவே என் நகங்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். ஊசியால் குத்தினாற்போல் குழிகள் இருந்தால் அது ஒரு தடயம். காய்ச்சலைப் பற்றிக் கேட்டது சிக்குன்குனியாவுக்காக. 1964இல் சென்னையையும் வேலூரையும், மறுபடியும் 2006இல் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களையும் படுக்கப் போட்ட காய்ச்சல் அது. டாங்கனீகாவில் 1952இல் அதை முதன்முதலாகக் கண்டபோது, மக்கோண்டே மொழியில் 'வளைந்து போவது' என்று பொருள்படும் பெயரை வைத்தார்கள். காய்ச்சல் போன பிறகும் மாதக்கணக்கில் விரல்களைப் பிடித்துக்கொண்டு போகமாட்டேன் என்கிற அந்த வலி, பார்வைக்கு வேறு வாதம் மாதிரியே இருக்குமாம்.

பிறகு அந்தக் கேள்வி வந்தது.

"காலையிலே எழுந்ததும் விரல் விறைப்பா இருக்கே, அது எத்தனை நேரம் இருக்கும்? பத்து நிமிஷமா, அரை மணியா, அதுக்கு மேலேயா?"

"ஒன்றரை மணி, இரண்டு மணி. வெந்நீரில் கையை வைத்தால் கொஞ்சம் முன்னதாக விட்டுவிடும்."

அவர் அதை எழுதி, அடியில் ஒரு கோடும் போட்டார். தேய்மானத்தால் வருகிற மூட்டு வலிக்கு, உழைக்க உழைக்க வலி கூடும், உட்கார்ந்தால் குறையும், காலை விறைப்பு பெரும்பாலும் அரை மணிக்குள் விட்டுவிடும். அழற்சியால் வருகிற வாதம் இதற்கு நேர் எதிர். ஓய்வில் இறுகும், வேலை செய்யச் செய்ய இளகும். ஒரு மணிக்கு மேல் விறைப்பு நின்றால் டாக்டர் நிமிர்ந்து உட்காருகிறார். ரத்தம் எடுப்பதற்கு முன்பே பாதி வழக்கு இந்த ஒரு கேள்வியில் தெரிந்துவிடுகிறது என்றார்.

"குடும்பத்திலே யாருக்காவது இந்த மாதிரி இருந்ததா?"

"என் அத்தைக்கு" என்றேன்.

திருவையாற்றுக்குப் பக்கத்தில் எங்கள் கிராமம். அப்பாவின் தங்கை, இளம் வயதிலேயே கணவனை இழந்து எங்கள் வீட்டோடு வந்துவிட்டவர். மத்தியானமானால் அத்தையைப்போல் வேலை செய்ய ஆள் கிடையாது. நெல் அவிப்பார், இட்லிக்கு அரைப்பார், மாடு கறப்பார். ஆனால் காலையில் எழுந்திருக்கவே மாட்டார். எழுந்தாலும் ஓர் ஓரமாக உட்கார்ந்திருப்பார். "என் பொண்ணு காலையிலே ஜமீன்தாரிணி, மத்தியானம்தான் வேலைக்காரி" என்று பாட்டி சொல்வாள். அண்ணன் வீட்டுச் சோற்றை உட்கார்ந்து தின்கிறாள் என்று மருமகள் நினைத்துவிடப் போகிறாளே என்று, பாட்டியே முந்திக்கொண்டு சொன்ன வார்த்தை அது. நாளடைவில் அதுவே வீட்டின் வேடிக்கைப் பேச்சாகிவிட்டது. வருகிற விருந்தாளிகளும் சொல்வார்கள். அத்தையும் கூடச் சிரிப்பார். சிரித்துக்கொண்டே கைகளை முந்தானைக்குள் சுற்றிக்கொள்வார். பிறகு மெல்ல எழுந்து கொல்லைப்புறம் போய், குளிக்கக் காய்கிற வெந்நீர் அண்டாவுக்குள் இரண்டு கைகளையும் விட்டபடி நின்றுகொண்டிருப்பார். சூடு பார்க்கிறார் என்றுதான் குழந்தைகள் நாங்கள் எண்ணியிருந்தோம்.

டாக்டர் இதை முழுவதும் கேட்டார். "அப்பாவோட கூடப் பிறந்தவங்களா?" என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

அதன் பிறகு கைகளைப் பரிசோதித்தார். விரல்கள் உள்ளங்கையோடு சேருகிற கணுக்களைக் குறுக்காகச் சேர்த்து மெல்ல அழுத்தினார். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. நகத்தை ஒட்டிய கடைசிக் கணுக்களில் வலியும் இல்லை, வீக்கமும் இல்லை. இதுவும் ஒரு சாட்சியம். தேய்மான வாதம் அந்தக் கடைசிக் கணுக்களில்தான் கெட்டியான முண்டுகளை எழுப்பும். வில்லியம் ஹெபர்டன் என்ற ஆங்கிலேய டாக்டர் பதினெட்டாம் நூற்றாண்டில் கவனித்து எழுதியதால் இன்றும் அவை அவர் பெயராலேயே வழங்குகின்றன. என் வீக்கமோ அடிக்கணுவிலும் நடுக்கணுவிலும் மணிக்கட்டிலும் இருந்தது. தொட்டால் முண்டாக இல்லாமல் மெத்தென்று இருந்தது. இரண்டு கையிலும் ஒரே மாதிரி இருந்தது. வீங்கிய மூட்டுகளை எண்ணினார்; எட்டு.

"இப்போ ரத்தம் எடுக்கலாம்" என்றார். ஐந்து சிறிய குழாய்கள். கைக்கும் பாதத்துக்கும் எக்ஸ்ரே. பிறகு அல்ட்ராசவுண்டு.

முடிவுகள் வர நான்கு நாட்கள் ஆயின. வந்தவுடன் வீட்டில் எல்லாரும் அதைச் சூழ்ந்துகொண்டோம். ஈ.எஸ்.ஆர். 58. சி.ஆர்.பி. அதிகம். ஆர்.ஏ. ஃபேக்டர் என்ற இடத்தில் 'நெகட்டிவ்' என்றிருந்தது. என் கணவர் பெருமூச்சு விட்டார். "அந்தப் பெரிய வியாதி இல்லை" என்று கொழுந்தனாருக்குச் செய்தியும் அனுப்பிவிட்டார். மறுநாள் சாம்பார் வைக்கலாமா என்றுகூட யோசனை நடந்தது.

டாக்டர் காகிதங்களை வரிசையாகப் பரப்பி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சாட்சியாக விசாரித்தார். அந்த விசாரணையை என்னால் மறக்க முடியாது.

ஈ.எஸ்.ஆர். என்பது மிக எளிய பரிசோதனை. ரத்தத்தை ஒரு மெல்லிய குழாயில் நிறுத்திவைத்து, ஒரு மணி நேரத்தில் சிவப்பு அணுக்கள் எத்தனை மில்லி மீட்டர் கீழே இறங்குகின்றன என்று பார்ப்பது. உடம்புக்குள் எங்காவது கனல் இருந்தால் ரத்தத்தில் சில புரதங்கள் பெருகி, அணுக்களைக் காசு அடுக்கினாற்போல் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டவைக்கும். அடுக்கு கனமானதால் வேகமாக இறங்கும். ஸ்வீடன் தேசத்து ஃபாரேயஸ் 1918இலும் வெஸ்டர்கிரன் 1921இலும் இதை ஒழுங்குபடுத்திக் கொடுத்தார்கள். நூறு வருஷம் கழித்தும் அதே குழாய்தான். ஆனால் காச நோய்க்கும் அது ஏறும், சோகைக்கும் ஏறும், கர்ப்பிணிக்கும் ஏறும். கனல் உண்டு என்று சொல்லுமே தவிர, எந்த அறையில் என்று சொல்லாது.

யூரிக் அமிலம்? "இதை வெச்சா மூணு வாரம் சாம்பாரை நிறுத்தினீங்க?" என்று டாக்டர் சிரித்தார். ரத்தத்தில் யூரிக் அமிலம் கூடியிருக்கிறவர்களில் பெரும்பாலோருக்குக் கவுட் வருவதே இல்லை. கவுட் உச்சத்தில் இருக்கும்போது சிலருக்கு அந்த அளவு சாதாரணமாகவே இருப்பதும் உண்டு. பிறகு இதைப் பற்றிப் படித்துப் பார்த்தேன். லண்டனில் ஆல்ஃபிரட் கேரட் என்ற டாக்டர் 1854இல் ஒரு நூல் பரிசோதனையை எழுதி வைத்தார். நோயாளியின் ரத்த நீரில் கொஞ்சம் அசெட்டிக் அமிலம் சேர்த்து, ஒரு லினன் நூலைப் போட்டு வைத்துவிட வேண்டியது. கவுட் நோயாளியானால் நூலைச் சுற்றி, பாகில் போட்ட நூலில் கற்கண்டு படிவதுபோல், யூரிக் அமிலப் படிகங்கள் படிந்திருக்கும். 1961இல் மெக்கார்ட்டி, ஹாலண்டர் என்ற இரண்டு அமெரிக்கர்கள், வீங்கிய மூட்டிலிருந்தே நீரை ஊசியால் எடுத்து, ஒரு தனி வகை மைக்ராஸ்கோப்பில் வைத்து, ஊசி ஊசியாக மின்னுகிற படிகங்களைக் கண்டார்கள். கவுட்டுக்கு இன்றும் அதுதான் நேர்சாட்சி. "உங்களுக்கு அந்த ஊசியே தேவையில்லை. எட்டு மூட்டிலே, ரெண்டு கையிலேயும் ஒரே மாதிரி, மூணு மாசமாக் குறையாமே – கவுட் இப்படி ஆரம்பிக்காது" என்றார்.

"ஆனால் ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவ் ஆயிற்றே, டாக்டர்?" என்று என் கணவர் கேட்டார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவர் அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தார்.

நார்வேயில் எரிக் வாலர் 1940இலும், நியூயார்க்கில் ஹாரி ரோஸ் 1948இலும், இந்த நோயாளிகளின் ரத்த நீர் பட்டால் ஆட்டின் ரத்த அணுக்கள் கட்டி கட்டியாகச் சேர்வதைக் கண்டார்கள். அப்படிப் பிறந்தது அந்தப் பரிசோதனை. நோய் உள்ள நூறு பேரில் எழுபது, எண்பது பேருக்கு அது 'பாசிட்டிவ்' என்று வரும். மற்றவர்களுக்கு நோய் இருந்தும் வராது. அதே சமயம் ஒரு நோயும் இல்லாத சிலருக்கும், முக்கியமாக வயதானவர்களுக்கு, வந்துவிடும். வயதான ஒருவருக்குத் தேய்மான முழங்கால் வலி. எவரோ இந்தப் பரிசோதனையைச் செய்துவிட, 'பாசிட்டிவ்' என்று வர, இல்லாத நோய்க்கு மருந்து சாப்பிடுவதும் நடக்கிறதாம்.

"அதனாலேதான் இன்னொண்ணும் பார்த்தேன்" என்று கடைசிக் காகிதத்தை எடுத்தார். ஆன்டி சி.சி.பி. உடம்பு தன்னுடைய சொந்தப் புரதங்களில் நேர்ந்த ஒரு சின்ன மாறுதலைக் கண்டு, அவற்றை அந்நியர் என்று எண்ணி, எதிர்த்துப் படை திரட்டுவதன் அடையாளம் அது. 1990களின் கடைசியில் வந்த பரிசோதனை. அநாவசியமாகப் பொய் சொல்லாத சாட்சி. என் ரத்தத்தில் அது எல்லையைப்போல் பல மடங்கு இருந்தது. வலி தொடங்குவதற்குச் சில வருஷம் முன்பிருந்தே அது ரத்தத்தில் இருப்பதுண்டு என்றார் டாக்டர். நான் சௌக்கியமாக இருக்கிறேன் என்று நினைத்து எழுதிய நாவல்களையெல்லாம் ஒரு கணம் நினைத்துக்கொண்டேன்.

எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. அது நல்ல செய்திதான். ஆனால் நோய் இல்லை என்று அர்த்தமல்ல. எலும்பு அரிபட்டுப் படத்தில் தெரிய மாதங்களோ வருஷங்களோ ஆகும். அல்ட்ராசவுண்டில் மூட்டின் உள்சவ்வு தடித்து ரத்தம் பாய்ந்திருந்தது தெரிந்தது.

2010ஆம் வருஷம் அமெரிக்க, ஐரோப்பிய வாத நோய் நிபுணர்கள் சேர்ந்து ஒரு மதிப்பெண் முறை வகுத்திருக்கிறார்கள். வீக்கத்துக்கு வேறு நோய் காரணமில்லை என்று முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். பிறகு மூட்டுகளின் எண்ணிக்கைக்கு இவ்வளவு, ரத்தச் சாட்சிக்கு இவ்வளவு, கனலுக்கு ஒன்று, ஆறு வாரத்துக்கு மேல் நீடித்தால் ஒன்று. பத்துக்கு ஆறு வாங்கினால் இந்த நோய்தான். டாக்டர் ஒரு காகித ஓரத்தில் கூட்டிக் காட்டினார். எட்டு சிறு மூட்டுக்கு 3, ஆன்டி சி.சி.பி.க்கு 3, ஈ.எஸ்.ஆருக்கு 1, மூன்று மாதத்துக்கு 1. பத்துக்கு எட்டு! கணக்குப் பாடத்தில் எனக்கு இப்படி ஒரு மார்க் வந்ததே கிடையாது.

"ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ். தமிழிலே முடக்குவாதம்னு சொல்றாங்க. எனக்கு அந்தப் பேர் பிடிக்கிறதில்லே. இப்பல்லாம் முடக்க விடறதில்லையே" என்றார்.

பயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பயத்துக்குள் ஒரு நிம்மதியும் இருந்ததைச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். மூன்று மாதமாக என் வலிக்கு என் எழுத்து காரணம், என் ஈரத்தலை காரணம், என் சாம்பார் காரணம். ஒரு பெயர் கிடைத்தவுடன் இத்தனை குற்றவாளிகளும் ஒரே நாளில் விடுதலையாகிவிட்டார்கள்.

பெயர் என்ன ஆனால் என்ன, வலிக்கு ஒரு மாத்திரை போட்டால் போகிறது என்று சிலர் நினைக்கலாம். அங்கேதான் விஷயம் இருக்கிறது. கவுட்டின் வலிக்குக் கொடுக்கும் கால்ச்சிசின் என்ற மருந்து நம் செங்காந்தளின் விதையில் இருக்கிறது. பழைய கவிஞர்கள் பெண்களின் விரலுக்கு உவமை சொன்ன அதே பூ; இன்று தமிழ்நாட்டின் மாநில மலர். மூலனூர்ப் பக்கமும் வேதாரண்யம் பக்கமும் அதன் விதைக்காகவே பயிரிடுகிறார்கள். கொடிய விஷமான அந்தச் செடியிலிருந்து அளவாகப் பிரித்தெடுத்தால் கவுட்டுக்கு மருந்து. ஆனால் காந்தள் விரல் என்று பாடப்பட்ட விரலுக்கு என் வாதம் வந்தால் அந்த மருந்தால் பயனில்லை. தேய்மான வாதத்துக்கு உடற்பயிற்சியும் எடைக் குறைப்பும் பிரதானம். ஒரே ஒரு மூட்டு திடீரென்று வீங்கிச் சிவந்து, கூடவே காய்ச்சலும் வந்தால், அது கிருமி புகுந்த மூட்டாக இருக்கலாம். அதற்கு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சிக்குன்குனியா வலி பலருக்குத் தானே தேய்ந்து போகும். முடக்குவாதமோ காத்திருக்காது. முதல் இரண்டு வருஷங்களிலேயே எலும்பை அரிக்க ஆரம்பித்துவிடும். அரித்த எலும்பை எந்த மருந்தும் திருப்பிக் கொடுக்காது.

எனக்குக் கொடுத்தது மெத்தோட்ரெக்ஸேட். பீமவரத்தில் 1895இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்கா போன எல்லாப்பிரகட சுப்பாராவின் ஆராய்ச்சிக் குழு, ரத்தப் புற்றுநோய்க்காக உண்டாக்கிய மருந்து வரிசையில் வந்தது இது. அவர் 1948இல் காலமானார். வாத நோய்க்கு அமெரிக்க அரசு இதை முறைப்படி அனுமதித்தது 1988இல். வாரத்துக்கு ஒரே நாள்தான் சாப்பிட வேண்டும். தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. அதனால் டாக்டர் சீட்டில் 'ஞாயிறு' என்று பெரிய எழுத்தில் எழுதி, என்னை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லச் சொன்னார். மறுநாள் முதல் ஃபோலிக் அமிலம். சில வாரங்களுக்கு ஒரு தடவை ரத்தமும் ஈரலும் பார்க்க வேண்டும். பலன் தெரிய இரண்டு மாதமாவது ஆகும் என்றும் முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

"பூரணமாக் குணமாகுமா?" என்று என் கணவர் கேட்டார்.

"வேரோட போயிடும்னு நான் சொல்ல மாட்டேன். அடங்கும். சீக்கிரமாத் தெரிஞ்சதாலே நல்லாவே அடக்கலாம்" என்றார் டாக்டர்.

அன்றிரவு ஊருக்கு டெலிபோன் செய்தேன். என் நோயின் பெயரையும், காலை விறைப்பைப் பற்றி டாக்டர் கேட்டதையும் அம்மாவிடம் சொன்னேன். "அத்தைக்கு எப்பவாவது ரத்தம் எடுத்துப் பார்த்தாங்களாம்மா?" என்றேன்.

"வாதத்துக்கு அப்பல்லாம் ஊரிலே யாரு ரத்தம் எடுத்தா?" என்றாள் அம்மா. பிறகு வெகு நேரம் பேச்சில்லை. டெலிபோன் துண்டித்துப் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"அப்ப... அவ வேணும்னு படுத்துக் கெடக்கலே" என்றாள்.

அத்தை 1996இல் இறந்து போனார். கடைசி வருஷங்களில் விரல்கள் எல்லாம் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்துபோய், தம்ளரை இரண்டு மணிக்கட்டுகளாலும் தாங்கிப் பிடித்துத்தான் காப்பி குடிப்பார். அவருக்கு வந்தது எந்த வாதம் என்று இனி எந்த ரத்தமும் எந்தப் படமும் சொல்லப் போவதில்லை. டாக்டரும் சொல்ல மறுத்துவிட்டார். பார்க்காத நோயாளிக்கு நோய் சொல்வது முறையல்ல என்றார். ஆனால் காலை இரண்டு மணி நேரம் விரலை மடக்க முடியாமல் போவது சோம்பேறித்தனத்தின் குறியல்ல, ஒரு நோயின் குறி என்பதாவது எங்கள் வீட்டில் இப்போது தெரிந்திருக்கிறது. முப்பது வருஷம் தாமதமாக அம்மா சொன்ன அந்த ஒரு வாக்கியம், அத்தைக்கு எதிராக வழங்கிய தீர்ப்பை எங்கள் குடும்பம் வாபஸ் வாங்கிக்கொண்டதற்குச் சமானம் என்று வைத்துக்கொண்டேன்.

இதைப் படிக்கிறவர்கள் வீட்டிலும் ஒருவர் இருக்கலாம். சின்ன மூட்டுகள் இரண்டு கையிலும் வீங்கி, காலை விறைப்பு ஒரு மணிக்கு மேல் நின்று, அது ஆறு வாரம் நீடித்தால், எண்ணெயை ஒரு பக்கம் வைத்துவிட்டு டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போங்கள். ரத்தப் பரிசோதனைக் காகிதத்தோடு அவருடைய கதையையும் கொண்டுபோங்கள். காகிதம் மட்டும் போனால் போதாது. கதையில்லாத காகிதம் சாம்பாரைத்தான் நிறுத்தும்.

ஞாயிற்றுக்கிழமை மாத்திரை தொடங்கி ஐந்து மாதம் ஆகிறது. ஈ.எஸ்.ஆர். 22க்கு இறங்கியிருக்கிறது. விறைப்பு இருபது நிமிஷத்தில் விட்டுவிடுகிறது. பத்திரிகை ஆசிரியருக்கு நான் வைத்திருந்த பாக்கி அத்தியாயங்களைக் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டேன். பில்டரைக் கழற்றும் உரிமையை மட்டும் என் கணவர் இன்னும் திருப்பித் தரவில்லை. காலைக் காப்பி அவர்தான் போடுகிறார். டிகாக்ஷன் கொஞ்சம் தண்ணீராகத்தான் இருக்கிறது; அதைப் பற்றி அவரிடம் நான் ஒன்றும் சொல்வதாக இல்லை.